நம்பர் இருக்கு அண்ணாச்சி, வீடு எங்கன்னு பாத்துச் சொல்லுங்க

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், புது சிம், டிஸ்பிளே மாற்றுவது, சார்ஜர் பின் சரிசெய்வது எல்லாம் நடக்கும் சின்னக் கடை. ஒரு துண்டுத் தாளையோ தங்கள் போனையோ நீட்டி, "நம்பர் இருக்கு அண்ணாச்சி, வீடு எங்கன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் இன்றும் குறையவில்லை. கடன் கொடுத்தவர் வருவார். பிள்ளையைத் தேடும் தாய் வருவார். ராத்திரி போன்களால் தூக்கம் தொலைத்தவர் வருவார். கேட்கக் கூடாத காரணத்துக்காகக் கேட்பவரும் இதே குரலில், இதே வார்த்தைகளில்தான் கேட்பார். இவர்கள் எல்லாரையும் கல்லாவுக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

செல்போன் கடைக்காரனிடம் கேட்டால் விலாசம் கிடைக்கும் என்ற நம்பிக்கை காரணமில்லாமல் வந்ததல்ல. இதே இடத்தில் அப்பா எஸ்டிடி பூத் நடத்தினார். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, பில் அடிக்கும் மெஷின், கயிறு கட்டித் தொங்கும் தடித்த டைரக்டரி. அந்தப் புத்தகத்தில் சந்தாதாரர் பெயர், விலாசம், நம்பர் மூன்றும் ஒரே வரியில் அச்சாகியிருக்கும். பெயரைச் சொல்லி 197-இல் கேட்டாலும் நம்பர் சொல்வார்கள். நம்பரை வைத்து வீட்டுக்குப் போகவும் வழி இருந்தது. 04632 என்றால் எங்கள் ஊர், 04633 தென்காசி, 0461 தூத்துக்குடி. அதற்கு மேல் லைன்மேனைக் கேட்டால் வாசலிலேயே கொண்டுபோய் விடுவார். ஒவ்வொரு நம்பருக்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு ஜோடிச் செம்புக் கம்பி கிளம்பி, தெருமுனைப் பெட்டி வழியாக, ஏதோ ஒரு வீட்டுச் சுவரில் போய் முடியும். வீடு மாறினால் நம்பரை மாற்றி வாங்க எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அந்த நம்பர் வீட்டுக்குத்தான் சொந்தம், ஆளுக்கு இல்லை.

செல்போனில் அந்தக் கம்பியே கிடையாது. நம்பர் சிம்மில் இருக்கிறது, சிம் சட்டைப் பையில் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் முதல் நாலைந்து இலக்கத்தைப் பார்த்து எந்தக் கம்பெனி, எந்த வட்டம் (ஏறக்குறைய எந்த மாநிலம்) என்றாவது சொல்லிவிடலாம். 2011 ஜனவரியில் நாடு முழுக்க நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் வசதி வந்தது. 2015 ஜூலையிலிருந்து மாநிலம் விட்டு மாநிலமும் அதே நம்பரைக் கொண்டுபோகலாம். இன்று தமிழ்நாட்டு வரிசையில் உள்ள நம்பரோடு ஒருவர் புனேயில் குடியிருக்கலாம். செல்போன் நம்பர்களுக்கு அந்தக் காலத்து டைரக்டரி மாதிரி பொதுப் புத்தகம் எதுவும் நம் நாட்டில் இல்லை.

"அப்ப சிம் வாங்கும்போது ஆதார் எல்லாம் குடுக்கோமே, அது உங்ககிட்ட இருக்குமே?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. முன்பெல்லாம் சிம்முக்குக் காகிதப் படிவம்தான். போட்டோ ஒட்டி, ஜெராக்ஸ் இணைத்து, கையெழுத்து வாங்கி, கட்டுக் கட்டாக டிஸ்ட்ரிபியூட்டரிடம் அனுப்புவோம். அனுப்புகிற வரை அத்தனை பேர் விலாசமும் கடைகளில் கிடந்தது உண்மைதான். காகிதப் படிவம் 2024 ஜனவரி 1 முதல் ஒழிந்துவிட்டது. இப்போது கம்பெனி ஆப்பில் ஆளைப் படம் பிடித்து, அடையாளத்தைச் சரிபார்த்து அனுப்பினால் எல்லாம் நேரே கம்பெனிக்குப் போய்விடும். என் ஆப்பில் ஒரு நம்பரை அடித்தால் எந்தக் கம்பெனி, எந்த வட்டம், என்ன பிளான் போடலாம் என்று காட்டும். பெயரோ தெருவோ காட்டாது. சிம் விற்கும் கடைகளும் 2023 கடைசியிலிருந்து தொலைபேசிக் கம்பெனியில் பதிவு செய்துகொண்டாக வேண்டும். யார் எந்த சிம்மை விற்றார் என்பது அதில் நிற்கும்.

விலாசம் இருப்பது கம்பெனியின் கணினியில். அதைச் சட்டப்படி கேட்டு வாங்கக்கூடியவர்கள் காவல்துறையும் நீதிமன்றமும் சட்டம் அதிகாரம் கொடுத்த அமைப்புகளும்தான். விசாரணைக்குத் தேவை என்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவில் நோட்டீஸ் போகும். யார் யாரிடம் பேசினார் என்ற அழைப்புப் பட்டியல் வேண்டுமென்றால் எஸ்.பி. அளவிலான அதிகாரி மூலமாகத்தான் கேட்க வேண்டும். "எனக்குத் தெரிஞ்ச ஆள் கம்பெனியில இருக்கான், காசு குடுத்தா எடுத்துத் தருவான்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் சந்தாதாரர் விவரத்தை அனுமதியில்லாமல் எடுப்பதும் கைமாற்றுவதும் குற்றம். மூன்று வருடம் வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது. எடுக்க முயன்றாலே குற்றம்தான்.

இணையத்தில் "நம்பரைப் போடுங்கள், முகவரி வரும்" என்று சொல்லும் தளங்களை வாடிக்கையாளர்கள் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர்கள் முன்னாலேயே என் சொந்த நம்பரை அதில் போட்டுக் காட்டுவேன். கம்பெனி பெயர் வரும், "தமிழ்நாடு" என்று வரும், ஒரு மேப்பில் சென்னைக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி வரும். நானோ அந்த நேரம் கோவில்பட்டியில் நிற்கிறேன். சில தளங்கள் முழு விலாசத்துக்குப் பணம் கேட்கும், சில ஓடிபி கேட்கும், சில ஏதோ ஓர் ஆப்பை இறக்கச் சொல்லும். அப்படி இறக்கிய ஆப்பால் குறுஞ்செய்திகள் திருடுபோய், வங்கிக் கணக்கு காலியான நிலையில் என் கடைக்கு வந்தவர்கள் உண்டு. தேடப் போன விலாசம் கிடைக்கவில்லை, தேடியவரின் பணம்தான் போனது.

இன்னொரு வகை இதைவிடக் கேடு. டெலிகிராமில் நம்பரைக் கொடுத்தால் விவரம் தரும் தானியங்கிக் கணக்குகள். 2023 ஜூனில் தடுப்பூசிப் பதிவு விவரங்கள் அப்படி வெளிவந்தபோது நாடே பேசியது. அதில் வருவதெல்லாம் எங்கோ கசிந்த, திருடிய தகவல். பழைய வீடு, பாதி தப்பு, வேறு ஆளுடைய பெயர் எல்லாம் கலந்து கிடக்கும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது எவ்வளவு தப்போ அதே தப்புதான் இதுவும்.

அழைப்பவர் பெயரைத் திரையில் காட்டும் ட்ரூகாலர் ஆப் விலாசமும் தரும் என்று பலர் நினைக்கிறார்கள். 2009-இல் ஸ்வீடனில் தொடங்கிய கம்பெனி அது. அதில் தெரியும் பெயர் அரசாங்கப் பதிவிலிருந்து வருவதல்ல, மற்றவர்கள் தங்கள் போனில் எப்படிப் பதிந்து வைத்தார்களோ அதிலிருந்து வருவது. "மாரி பால்காரர்", "கடன் பார்ட்டி எடுக்காத" என்றெல்லாம் வருவது அதனால்தான். யுபிஐ ஆப்பில் ஒரு நம்பரை அடித்தால் வருவது வங்கிக் கணக்கில் உள்ள பெயர். பணம் அனுப்புமுன் சரிபார்க்கத்தான் அது. சிம் பதிவில் உள்ள பெயரையே அழைப்பின்போது திரையில் காட்டலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. அதிலும் பெயர்தான், வீடு இல்லை. வீட்டைச் சொல்லாமல் விடுவது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஏன் என்பதற்கு ஒரு சம்பவம்.

ஒரு நாள் மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரம், சட்டை மடிப்புக் கலையாமல் ஓர் ஆள் வந்தார். முப்பது வயது இருக்கலாம். பேச்சில் அவ்வளவு மரியாதை.

"அண்ணாச்சி, இது என் தங்கச்சி நம்பர். வீட்ல கோச்சுக்கிட்டுப் போயிட்டா. அம்மா சாப்பிடாமக் கெடக்கா. இந்த நம்பர் எந்த ஊர்ல, எந்தத் தெருவுல இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்."

"நீங்க போன் போட்டுப் பாத்தீங்களா தம்பி?"

"என் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டேங்கா."

"சரி. உங்க பேரச் சொல்லுங்க. நான் கடை நம்பர்லருந்து கூப்பிட்டு, உங்க அண்ணன் இங்கன வந்திருக்காரு, அம்மா சாப்பிடலயாம்னு சொல்லுதேன். அவங்களுக்கு விருப்பம்னா அவங்களே உங்ககிட்டப் பேசட்டும்."

அந்த ஆளின் முகம் மாறியது. "அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. கூப்பிட்டா உஷாராயிருவா. வீடு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"அப்ப ஸ்டேஷன்ல மேன் மிஸ்ஸிங் எழுதிக் குடுப்போம். நானும் கூட வாரேன். போலீஸ் ஒரு நாள்ல கண்டுபிடிச்சிருவாங்க."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணனா, புருஷனா, யாரோ ஒருவனா, எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. "உஷாராயிருவா" என்ற அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. தங்கையைக் காணாமல் தவிக்கும் அண்ணனுக்குத் தங்கையின் குரல் கேட்டாலே பாதி உயிர் வந்துவிடும். குரல் வேண்டாம், வீடு மட்டும் வேண்டும் என்றால் அந்த வீட்டு வாசலில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

அதிலிருந்து கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், வேலை செய்யும் பையன்களுக்கும் சொல்லியிருக்கிறேன். யார் தேடி வந்தாலும் தேடப்படுகிறவரின் இடத்தைத் தேடுகிறவருக்குச் சொல்லாதே. தேடுகிறவரின் பெயரையும் நம்பரையும் தேடப்படுகிறவருக்குத் தெரியப்படுத்து. கண்டுபிடிக்கப்பட வேண்டுமா இல்லையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நல்ல காரணத்தோடு வருகிறவர்களுக்கு இதனால் கொஞ்சம் நேரம்தான் கூடும். காவல் நிலையத்தில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். காணாமல் போனதாகச் சொல்லப்பட்ட பெண் பதினெட்டு வயது நிரம்பியவராக இருந்து, என் விருப்பத்தில்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டால், அவரைக் கட்டாயப்படுத்தி யாரோடும் அனுப்ப முடியாது. வீட்டை விட்டு வந்து பயத்தோடு இருக்கிற பெண்கள் என் கடையில் புது சிம் வாங்க வரும்போது 181 என்ற எண்ணைத் தாளில் எழுதிக் கொடுப்பேன். பெண்களுக்கான உதவி எண் அது, எந்த நேரமும் கூப்பிடலாம்.

அடுத்தது ராத்திரி போன். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அப்பா மகளோடு வந்தார். மகள் நர்சிங் படிக்கிறாள். தெரியாத நம்பரிலிருந்து தினமும் ராத்திரி அழைப்பு, எடுத்தால் அசிங்கப் பேச்சு, எடுக்காவிட்டால் வாட்ஸ்அப்பில் படங்கள். அப்பாவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "அட்ரஸ் மட்டும் குடுங்க அண்ணாச்சி. மத்தத நான் பாத்துக்கிடுதேன்." மகள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் முதலில் சொன்னது, "இதுல உன் தப்பு ஒண்ணும் இல்லம்மா" என்பதுதான். அதைச் சொல்லாமல் மற்றதைப் பேசிப் பிரயோசனமில்லை.

பிறகு உட்கார்ந்து வேலையைப் பார்த்தோம். எதையும் அழிக்க வேண்டாம் என்றேன். அருவருப்பில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பிறகு புகார் கொடுக்கப் போகிறவர்கள்தான் அதிகம். அழைப்புப் பட்டியலைத் தேதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். வாட்ஸ்அப் உரையாடலை அப்படியே ஏற்றுமதி செய்து மெயிலுக்கு அனுப்பி வைத்தோம். "இனி என்னைத் தொடர்பு கொள்ளாதீர்கள்" என்று ஒரே ஒரு செய்தி மட்டும் அனுப்பச் சொன்னேன். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவில் குற்றம், அந்தச் செய்தி அதற்குச் சாட்சியாக நிற்கும். அதன் பிறகுதான் பிளாக். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிந்து, ஒப்புகை எண்ணோடு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு அனுப்பி வைத்தேன்.

விசாரணை கொஞ்ச நாள் இழுத்தது. பிறகு அந்த அப்பா திரும்ப வந்து, ஏட்டையா சொன்னதை எனக்குச் சொன்னார். சிம் பதிவாகியிருந்தது வேறொரு மாவட்டத்தில் காய்கறி விற்கும் ஓர் ஆச்சியின் பெயரில். ஆச்சிக்கு இதில் எதுவுமே தெரியாது. எங்கோ சாலையோரக் குடையின் கீழ் சிம் வாங்கியபோது, "சரியா விழல, இன்னொரு தடவ வைங்க ஆச்சி" என்று இரண்டாவது முறை ரேகை வாங்கி, அவர் பெயரில் இன்னொரு சிம்மை எடுத்து விற்றிருக்கிறார்கள். போன் செய்தவன் வேறு ஊரில் வேறு ஒருத்தன். அதைப் போன் கருவியின் ஐஎம்இஐ எண்ணையும் டவரையும் வைத்துப் பிடித்தார்கள். முதல் நாளே அந்த அப்பா கையில் பதிவு விலாசம் கிடைத்திருந்தால் அரிவாளோடு போய் நின்றிருக்கக்கூடியது அந்த ஆச்சி வீட்டு வாசலில்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பதிவில் உள்ள விலாசமும் ஆள் இருக்கும் இடமும் ஒன்றல்ல. மோசடி சிம்மை விடுங்கள், நேர்மையான சிம்களிலேயே பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும் என்பது என் கடை அனுபவம். ஆதாரில் உள்ளது பிறந்த ஊர், இருப்பது திருப்பூர். மகளின் நம்பர் அப்பா பெயரில், மனைவியின் நம்பர் கணவன் பெயரில், கட்டட வேலைக்கு வந்தவரின் நம்பர் மேஸ்திரி பெயரில். அது போக, ஒருவர் விட்டுவிட்ட நம்பர் தொண்ணூறு நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். பழைய டைரியில் இருந்த நண்பனின் நம்பருக்குக் கூப்பிட்டால் யாரோ ஒரு பெண் எடுப்பது அதனால்தான். டவர் லொக்கேஷன் என்பதும் வீட்டு நம்பர் அல்ல. நகரத்தில் சில தெருக்கள், கரிசல்காட்டுக் கிராமங்களில் சில கிலோமீட்டர், அவ்வளவு பரப்பைத்தான் அது காட்டும். உங்கள் பெயரில் தெரியாத சிம் ஓடுகிறதா என்று பார்க்க மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் வசதி இருக்கிறது. நம்பரும் ஓடிபியும் கொடுத்தால் உங்கள் பெயரில் உள்ள இணைப்புகள் வரும், உங்களுடையது அல்லாததை "என் நம்பர் இல்லை" என்று குறித்து அனுப்பலாம். ஒருவர் பெயரில் அதிகபட்சம் ஒன்பது இணைப்பு. கடைக்கு வரும் வயதானவர்களுக்கு நானே உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கிறேன், இதற்குக் காசு வாங்குவதில்லை.

விலாசம் நிஜமாகவே அவசரமாகத் தேவைப்படும் நேரமும் உண்டு. ஒரு சாயங்காலம் பேருந்து நிலையத்தில் தாத்தா ஒருவர் எந்தப் பேருந்தில் ஏறுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். ஊரைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு ஊர் சொன்னார். சட்டைப் பையில் ஒரு தாள், அதில் பேனாவால் எழுதிய ஒரு நம்பர். டீக்கடைக்காரர் என்னிடம் கூட்டிவந்தார். கூப்பிட்டால், அந்த எண்ணுக்கு அழைப்பு வரும் வசதி தற்போது இல்லை என்று குரல் வந்தது. பலர் அந்த இடத்தில் விட்டுவிடுவார்கள். சுவிட்ச் ஆஃப் என்பது வேறு, இது வேறு. பிளான் முடிந்து நாளாகிவிட்டால் இன்கமிங்கும் நின்றுபோகும். யாருடைய நம்பருக்கும் யாரும் ரீசார்ஜ் போடலாம் அல்லவா? இருப்பதிலேயே சின்ன பிளானைப் போட்டுவிட்டு, பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டேன். மணி அடித்தது. மகன் எடுத்தார். அப்பாவைக் காணாமல் காலையிலிருந்து ராஜபாளையம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாராம், வேறு நம்பரை வைத்துக்கொண்டு.

நான் விலாசம் கேட்கவே இல்லை. அவராகவே சொன்னார், அவராகவே வந்தார். வரும்வரை தாத்தாவைப் பேருந்து நிலையப் புறக்காவல் நிலையத்தில் உட்கார வைத்தோம். யாரென்று தெரியாத ஒருவரிடம் பெரியவரை ஒப்படைப்பதும் ஆபத்துதான், அதனால் ஆதாரைப் பார்த்து, தாத்தா அவரை அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் ஏட்டையா அனுப்பி வைத்தார். இந்த மாதிரி நேரத்தில் உதவிக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது. மறதி உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால், சட்டைப் பைத் தாளில் ஒரு நம்பருக்குப் பதில் இரண்டு நம்பர் எழுதுங்கள், இரண்டும் வேறு வேறு ஆளுடையதாக இருக்கட்டும்.

அதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது. "இனி என்னைத் தேடாதே" என்று நண்பர் ஒருவர் செய்தி அனுப்பிவிட்டார், அவர் எங்கே குடியிருக்கிறார் என்றே தெரியாது என்றால், விலாசம் தேடி ஒரு நிமிஷத்தைக்கூட வீணாக்காதீர்கள். ஒருவர் அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்து நம்பரைக் கொடுத்து விஷயத்தைச் சொல்லட்டும், உயிர் ஆபத்து என்றால் காவல்துறை டவரைப் பார்க்கும். இன்னொருவர் அந்த நண்பரோடு பேசிக்கொண்டே இருக்கட்டும். மனநல ஆலோசனைக்கு 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

வியாபாரக் கடன் வேறு மாதிரி. எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, முகம் தெரியாத ஊர்களிலிருந்தும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறது. தெரிந்த மிட்டாய் வியாபாரி ஒருவர் பாதிப் பணம் வாங்கிக்கொண்டு லாரி பார்சலில் சரக்கை அனுப்பினார். மீதி வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. கையில் இருந்தது நம்பர் மட்டும் என்று என்னிடம் வந்தார். "நம்பர விடுங்க, பில்ல எடுங்க" என்றேன். பில்லில் வாங்கியவரின் ஜிஎஸ்டி எண் இருந்தது. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணை அடித்தால் கடையின் பெயரும் தொழில் நடக்கும் இடத்தின் முழு விலாசமும் எல்லாருக்கும் தெரியும்படி வரும். ஒளிவு மறைவில்லாத பொதுப் பதிவு அது. லாரி புக்கிங் ஆபீஸ் ரசீதையும் பார்த்தோம், அதில் ஆபீஸிலேயே வந்து எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்ததால் அது உதவவில்லை. ஜிஎஸ்டி விலாசத்துக்கு வக்கீல் நோட்டீஸ் போனது, பணம் இரண்டு தவணையாக வந்தது. செக் கொடுத்து அது திரும்பியிருந்தால் இன்னும் வேகமாக நகர வேண்டும், வங்கியிடமிருந்து தகவல் வந்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ் போயாக வேண்டும். ஜிஎஸ்டியும் இல்லை, செக்கும் இல்லை என்றால் வக்கீல் மூலம் வழக்குப் போட்டு, சிம் பதிவு விவரத்தைத் தாக்கல் செய்யும்படி தொலைபேசிக் கம்பெனிக்கு உத்தரவிடக் கோரலாம். சரக்கு ஏறுவதற்கு முன்னால் விலாசமும் ஜிஎஸ்டி எண்ணும் வாங்கி, அதே இணையதளத்தில் இரண்டையும் ஒத்துப் பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை.

யுபிஐயில் ஓர் இலக்கம் தவறிப் பணம் போய்விட்டது, அந்த ஆளின் வீடு வேண்டும் என்று வருகிறவர்களுக்கும் வீடு தேவையில்லை. மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள், ஆப்பிலும் உங்கள் வங்கியிலும் பரிவர்த்தனை எண்ணோடு புகார் பதியுங்கள். வங்கி அவருடைய வங்கிக்குத் தெரிவித்து ஒப்புதல் கேட்கும். முப்பது நாளில் உங்கள் வங்கி பதில் தரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஏமாற்றிப் பறித்த பணம் என்றால் மட்டும் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் சொந்த விலாசத்தைப் பற்றி. 2017-இல் உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் செய்ய வந்த பெண்களின் நம்பர்களைச் சில கடைகள் விற்றதாகச் செய்தி வந்தபோது, கவுண்டரில் நம்பர் எழுதும் நோட்டை எடுத்துவிட்டேன். இப்போது என் கடையில் வாடிக்கையாளரே போனில் நம்பரை அடிப்பார், நாங்கள் வாய்விட்டுத் திரும்பச் சொல்வதில்லை. எந்தக் கடையிலும் நீங்கள் அப்படிக் கேட்கலாம், தயங்க வேண்டியதில்லை. நம்பரும் வீடும் ஒன்றாகக் கிடைப்பது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் அல்ல, ஆன்லைன் பார்சல் உறையில்தான். பெயர், நம்பர், கதவிலக்கம், தெரு எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். உறையைக் குப்பையில் போடுமுன் அந்தத் தாளைக் கிழித்து எடுங்கள். "வீடு வாடகைக்கு" அட்டையில் தனியாக இருக்கும் பெண்ணின் நம்பரை எழுதாதீர்கள். ட்ரூகாலரில் உங்கள் பெயர் வேண்டாம் என்றால் முதலில் கணக்கை நீக்கிவிட்டு, அவர்கள் தளத்திலேயே நம்பரை எடுத்துவிடக் கோரலாம்.

நான் பார்த்தவரை விலாசம் அதிகம் வெளியே போவது எந்த ஆப்பாலும் இல்லை, நாமே போனில் சொல்வதால்தான். "கொரியர்லருந்து பேசுதோம், உங்களுக்கு ஒரு பார்சல், அட்ரஸ் சொல்லுங்க" என்று கேட்டதும் கதவிலக்கம் முதல் அடையாளத்துக்கு இருக்கும் வேப்பமரம் வரை ஒப்பிக்கிறோம். பார்சல் நிஜமாக இருந்தால் விலாசம் அதன் மேலேயே இருக்கும். "உங்ககிட்ட இருக்கிற தெருப் பேரும் பின்கோடும் முதல்ல வாசிங்க, சரியான்னு சொல்லுதேன்" என்று கேளுங்கள். வாசிக்க முடியாதவருக்கு உங்கள் வீடு தெரிய வேண்டியதில்லை, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.